குளிர் வாடகையும் சூட்டு வாடகையும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்” என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டுவோன் படும் பாட்டை அது ஒரே வரியிற் சொல்லிவிடுகின்றது. கட்டி முடிந்த வீட்டிலே குடியிருப்போன் படும் பாட்டைப் பற்றி அது பேசவில்லை. கட்டுவோனும் குடியிருப்போனும் ஒருவனேயாக இருந்த காலத்தில் அதற்கு அவசியமும் இருக்கவில்லை. வெயிலுக்கு அஞ்சியவன் தாழ்வாரத்தைத் தாழ இறக்கினான். வெள்ளத்துக்கு அஞ்சியவன் திண்ணையை உயர்த்தினான். சரியாகக் கட்டினால் சுகமும், பிழையாகக் கட்டினால் துன்பமும் அவனுக்கே உரியனவாயின.

இன்றைய நகரங்களில் நிலைமை வேறு. ஒருவர் கட்டுகின்றார், இன்னொருவர் வாங்குகின்றார், மூன்றாமவர் வாடகைக்கு இருக்கின்றார். சுவரை மெல்லிதாக அமைத்து மிச்சம் பிடித்த பணம் கட்டியவர் பையிற் சேர்கின்றது. அந்தச் சுவரூடாக வரும் குளிரும் வெப்பமும் குடியிருப்பவர் தலையில் விழுகின்றன. இந்த அநீதிக்கு ஒரு நாடு எவ்வாறு பரிகாரம் தேடிற்று என்பதைக் காண விரும்புவோர் ஜேர்மனிக்குச் செல்லலாம். அங்கும் குறிப்பாக டார்ம்ஸ்ராட் என்னும் நகருக்குச் செல்லலாம். அங்கே நாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

இருமுறை வீடு காட்டிய நகரம்

பிராங்பேர்ட் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது டார்ம்ஸ்ராட். புகைவண்டி அரை மணித்தியாலத்துள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றது. பெரிய நகரமன்று; ஆயினும் அறிஞர் உலகில் அதன் பெயர் பெரிது. 1994ஆம் ஆண்டில் இங்குள்ள ஆய்வுகூடத்தில் முதன்முதலாக உண்டாக்கப்பட்ட 110ஆம் மூலகத்துக்கு, 2003ஆம் ஆண்டில் ‘டார்ம்ஸ்ராட்டியம்’ என்று இந்நகரின் பெயரையே சூட்டினார்கள். ஐரோப்பிய விண்கலங்களை வழிநடத்தும் நிலையமும் இங்கேதான் இருக்கின்றது.

நகரின் கிழக்கே மதில்டன்ஹோஹெ என்றொரு மேடு உண்டு. ஐந்து விரல்களை நிமிர்த்தியது போன்ற உச்சியையுடைய செங்கற் கோபுரம் ஒன்று அதன்மேல் நிற்கின்றது. நாட்டை ஆண்ட பெருங்கோமகனின் திருமண நினைவாக எழுந்த அதனைத் ‘திருமணக் கோபுரம்’ என்றே அழைக்கின்றனர். அக்கோமகன் ஆதரித்த கலைஞர்கள் அந்த மேட்டிலே தமக்கு வீடுகள் கட்டி, 1901ஆம் ஆண்டில் அவ்வீடுகளையே கண்காட்சியாக மக்களுக்குத் திறந்துவிட்டனர். சுவர், கதவு, நாற்காலி, கரண்டி வரை யாவும் ஒரே நோக்கில் அமைக்கப்பட்டிருந்தன. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அம்மேட்டை உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. வீடும் கலியாணமும் நம் பழமொழியிற் போலவே இங்கும் அருகருகே நிற்பதைக் கண்டு நாம் புன்முறுவல் செய்தோம்.

டார்ம்ஸ்ராட் உலகுக்குக் காட்டிய முதல் மாதிரி வீடுகள் அவை. கண்ணுக்கு இனிய வீடு எது என்பதை அவை காட்டின. தொண்ணூறு ஆண்டுகளின் பின் அதே நகரம் இன்னொரு மாதிரி வீட்டைக் காட்டிற்று. உடலுக்கு இனிய வீடு எது என்பதை அது காட்டிற்று. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு பெருந்தீயின் கதை உண்டு.

1944ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆம் திகதி இரவு பிரித்தானிய விமானங்கள் இந்நகரின்மீது குண்டு பொழிந்தன. பழைய நகரம் முழுவதும் தீக்கிரையாயிற்று. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போர் முடிந்தபின் வீடற்றவர் தொகை மிகுதி. கல்லும் மரமும் நிலக்கரியும் அரிது. ஆகவே ஜேர்மன் நகரங்களெங்கும் 1950களில் குடியிருப்புகள் அவசர அவசரமாக எழுந்தன. கூரை ஒன்று கிடைத்தாற் போதும் என்று மக்கள் எண்ணிய காலம் அது. சுவர்கள் மெல்லியவையாயின, யன்னல்களுக்கு ஒற்றைக் கண்ணாடியே வாய்த்தது. பின்னர் எண்ணெய் மலிவாகக் கிடைத்தபோது அக்குறையை எவரும் பெரிதுபடுத்தவில்லை. குளிர்ந்தால் இன்னும் கொஞ்சம் எரிப்போம் என்று இருந்துவிட்டனர்.

குளிர்ந்த சுவர்

அவ்வாறு 1950களில் எழுந்த ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடியில், 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து புகலிடம் தேடிச் சென்ற தமிழ்க் குடும்பமொன்று வாழ்கின்றது. தை மாதத்துக் கடுங்குளிரில் நாம் அங்கே விருந்தினராகத் தங்கினோம். வெளியே பனி உறைந்து கிடந்தது. உள்ளே யன்னலின் கீழ், ஜேர்மனியிலுள்ள நம்மவர் ‘ஹைசுங்’ என்று சொல்லும் சூடேற்றி கொதித்துக்கொண்டிருந்தது. சுவரோரம் இருந்த நாற்காலியில் நாம் அமரப் போனபோது வீட்டுக்கார அம்மையார் தடுத்தார்.

“அந்தச் சுவர்ப் பக்கம் இருக்காதேங்கோ தம்பி. ஹைசுங்கை முழுக்கத் திறந்து விட்டாலும் முதுகு குளிரும்.”

சுவரிலே தொங்கிய வெப்பமானி 22 பாகை காட்டிற்று. 22 பாகையில் ஏன் முதுகு குளிர வேண்டும்? விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் விடையை எளிதில் ஊகிப்பார்கள். வெப்பம் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்னும் மூவழிகளில் இடம்பெயரும். நம் உடல் சுற்றியுள்ள காற்றுக்கு மட்டும் வெப்பத்தை இழப்பதில்லை. எதிரேயுள்ள குளிர்ந்த பரப்புகளுக்குக் கதிர்வீசலாலும் இழக்கின்றது. காற்று 22 பாகையாக இருந்தாலும், சூழவுள்ள சுவரும் யன்னலும் சராசரி 16 பாகையாக இருந்தால், உடல் உணர்வது இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 19 பாகையே. வெப்பமானி காற்றை அளக்கின்றது. முதுகு சுவரையும் சேர்த்து அளக்கின்றது.

டென்மார்க் நாட்டுப் பொறியியலாளர் பங்கர் என்பவர் 1970ஆம் ஆண்டில் வெப்ப சுகம் பற்றி எழுதிய நூலில் இதனைக் கணிதமாக்கினார். காற்றின் வெப்பநிலை, சுற்றுப் பரப்புகளின் கதிர்வீசல், ஈரப்பதன், காற்றின் வேகம், உடுத்த உடை, செய்யும் வேலை என்னும் ஆறும் சேர்ந்தே ஒருவருடைய சுகத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் கணக்கு. இவற்றுள் உடையையும் வேலையையும் குடியிருப்பவர் மாற்றிக்கொள்ளலாம். சுவரின் வெப்பநிலையை அவர் மாற்ற முடியாது. அது கட்டியவர் கையில் இருந்தது.

அம்மையார் எம்மைப் படுக்கையறைக்கு அழைத்துச் சென்று அலுமாரியின் பின்புறத்தைக் காட்டினார். சுவரின் மூலையில் கரும்பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஆண்டுதோறும் துடைத்து வெள்ளையடித்தும் அது திரும்பத் திரும்ப வருகின்றதாம்.

“வீட்டுக்காரர் சொல்லுறார், நாங்கள் யன்னலைத் திறந்து காத்து விடுறேல்லையாம், கறி காய்ச்சிற ஆவிதான் காரணமாம். நான் ஒரு நாளைக்கு நாலு தரம் திறக்கிறன். திறந்தால் சூடெல்லாம் வெளியாலை போகுது. அந்தச் சூட்டுக்குக் காசு கட்டுறதும் நாங்கள்தானே!”

இந்த வழக்கு அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜேர்மனியில் வீட்டுக்காரருக்கும் வாடகைக் குடியினருக்கும் இடையே நீதிமன்றம் வரை செல்லும் பழைய வழக்கு அது. பௌதிகம் இதில் நடுநிலையாக நிற்கின்றது. 20 பாகை வெப்பமும் 50 வீத ஈரப்பதனும் உள்ள சாதாரண அறையிலே, சுவர்ப் பரப்பின் வெப்பநிலை 12.6 பாகைக்குக் கீழே இறங்கினால், அப்பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டும். அப்பொழுது பூஞ்சணம் வளரும். காற்றோட்டம் வேண்டியதுதான். ஆயினும் சுவர் சூடாக இருந்தால், அதே ஆவி அதே வீட்டில் ஒரு தீங்கும் செய்யாது.

எண்ணெய் நின்ற ஞாயிற்றுக்கிழமைகள்

ஜேர்மனியில் கட்டடத்துக்கான வெப்ப நியமங்கள் மெல்ல மெல்ல வளர்ந்தவை. 1952ஆம் ஆண்டில் வெளியான முதல் நியமத்தின் நோக்கு சுகாதாரமே. சுவரில் ஈரம் ஊறாதிருக்கவும் நோய் வராதிருக்கவும் வேண்டிய மிகக் குறைந்த காப்பை அது விதித்தது. எரிபொருளை மிச்சப்படுத்தும் எண்ணம் அதில் முதன்மை பெறவில்லை.

1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தபோது விலை பன்மடங்காயிற்று. அவ்வாண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மேற்கு ஜேர்மனியில் மோட்டார் வண்டிகள் ஓடக் கூடாதென்று அரசு தடை விதித்தது. பெருந்தெருக்களில் மக்கள் நடந்து திரிந்தனர். சிறுவர் சைக்கிள் ஓட்டி மகிழ்ந்தனர். அந்த அமைதியில் ஓர் உண்மை வெளிப்பட்டது. நாட்டின் எண்ணெயில் பெரும்பங்கு வண்டிகளில் மட்டும் எரியவில்லை. வீடுகளின் சுவரூடாகவும் கூரையூடாகவும் வெளியேறிக்கொண்டிருந்தது.

1976ஆம் ஆண்டில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1977ஆம் ஆண்டில் முதலாவது வெப்பக் காப்பு விதி நடைமுறைக்கு வந்தது. புதிய வீடு கட்டுவோர் சுவர், கூரை, யன்னல் என்பவற்றூடாக இத்துணை வெப்பத்துக்கு மேல் வெளிப்பட விடக்கூடாது என்று அது எல்லை வகுத்தது. பின்னர் 1984, 1995, 2002ஆம் ஆண்டுகளில் அவ்வெல்லை படிப்படியாக இறுக்கப்பட்டது.

இதனிடையே 1981ஆம் ஆண்டில் இன்னொரு விதி வந்தது. மாடிக் குடியிருப்புகளில் சூடேற்றும் செலவை எல்லோர்க்கும் சமமாகப் பங்கிடாமல், குறைந்தது பாதியையேனும் அவரவர் செலவிட்ட அளவுக்கேற்ப அறவிட வேண்டும் என்பது அவ்விதி. நியாயமான விதியே. ஆயினும் அதனால் திருந்தியவர் யார்? குடியிருப்பவர் ஹைசுங்கைத் திருகிக் குறைத்தார். கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டார். சுவரின் உரிமையாளருக்கோ திருந்த வேண்டிய காரணம் ஒன்றும் பிறக்கவில்லை.

ஜேர்மன் மொழியிலே வாடகைக்கு இரண்டு பெயர்கள் உண்டு. வீட்டுக்கு மட்டும் உரியது ‘குளிர் வாடகை’. சூடேற்றும் செலவு முதலியவையும் சேர்ந்தது ‘சூட்டு வாடகை’. வீடு தேடுவோர் முதலில் காண்பது குளிர் வாடகை. மாதந்தோறும் அவர் பணப்பையைத் திறக்கச் செய்வது சூட்டு வாடகை. இரண்டுக்கும் இடையேயுள்ள தொகை, ஏறக்குறைய அந்தச் சுவரின் குணத்தைச் சொல்லும் தொகையாகும்.

கிரானிஷ்ஸ்ரைன் வீடுகள்

நகர நடுவிலுள்ள லூயிசன்பிளாற்ஸ் சதுக்கத்தில், கொழும்பில் ஒரு காலத்தில் ஓடியது போன்ற ட்ராம் வண்டியில் ஏறினோம். வடகிழக்கே கிரானிஷ்ஸ்ரைன் என்னும் புறநகர் வந்தது. கோமகன் வமிசத்தாரின் பழைய வேட்டை மாளிகையொன்று அங்குள்ள காட்டோரம் இருக்கின்றது. 1960களின் பிற்பகுதியில் எழத் தொடங்கிய உயர்ந்த மாடிக் குடியிருப்புகளும் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு அயலில், நான்கு வீடுகள் ஒட்டிய ஒரு சிறு தொடர்மனை உண்டு. உலகெங்குமிருந்து பொறியியலாளர் வந்து பார்ப்பது அந்தத் தொடர்மனையைத்தான்.

வீதியில் நின்று பார்ப்பவருக்கு அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. திருமணக் கோபுரத்தின் அழகு இதில் இல்லை. குடும்பங்கள் வாழும் வீடுகளாதலின் கண்டபடி உள்ளே நுழைவதும் முறையன்று. தெற்கு நோக்கிய அகன்ற யன்னல்களையும் புல் முளைத்த கூரையையும் கண்டு திரும்ப வேண்டியதுதான். ஆயினும் அதன் உட்பொருள் அறிந்தவர் சிறிது நேரம் அங்கே நிற்காமற் போகமாட்டார்.

1988ஆம் ஆண்டு மே மாதத்தில், சுவீடனைச் சேர்ந்த பேராசிரியர் போ அடம்சனும் ஜேர்மன் பௌதிகவியலாளர் வொல்ப்காங் பைஸ்ற்றும் ஒரு கேள்வியை ஆராய்ந்தனர். குளிர்நாட்டில் ஒரு வீட்டைத் தனியான சூடேற்றும் ஏற்பாடு ஏறக்குறைய வேண்டாத அளவுக்குக் காப்புச் செய்ய முடியுமா என்பதே அக்கேள்வி. அதற்கு விடையாக எழுந்ததுதான் இந்தத் தொடர்மனை. 1990ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. 1991ஆம் ஆண்டில் நான்கு குடும்பங்கள் குடிபுகுந்தன. அவற்றுள் ஒன்று பைஸ்ற் அவர்களின் குடும்பமே. தான் சொன்ன வீட்டில் தானே குடியிருக்கத் துணிந்த விஞ்ஞானியை நாம் பாராட்ட வேண்டும்.

இவ்வகை வீட்டுக்குப் ‘பாசிவ்ஹவுஸ்’ என்று பெயர். வெளியிலிருந்து வெப்பத்தை ஓயாமல் வரவழைக்காது, தன்னிடம் வந்ததைப் பேணிக் காக்கும் வீடு என்பது கருத்து. நம் வீட்டில் தேநீரைச் சூடாக வைக்க இரு வழிகள் உண்டு. அடுப்பில் வைத்து ஓயாமல் எரிக்கலாம். அல்லது சுடுநீர்ப் போத்தலில் ஊற்றி மூடிவைக்கலாம். பழைய வீடு அடுப்பின்மேல் இருக்கும் கேத்தல்; கிரானிஷ்ஸ்ரைன் வீடு சுடுநீர்ப் போத்தல்.

அதன் சுவருக்கு வெளியே 27.5 சென்ரிமீற்றர் தடிப்பில் பொலிஸ்ரைரீன் நுரைப் பலகை போர்த்தப்பட்டிருக்கின்றது. கூரையில் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் தடிப்பில் கனிமக் கம்பளி நிரப்பப்பட்டிருக்கின்றது. யன்னல்களுக்கு மூன்று கண்ணாடிகள். அவற்றின் இடையே கிரிப்தன் வாயு. காற்று கசியும் வெடிப்புகள் யாவும் அடைக்கப்பட்டிருக்கின்றன. அப்படியானால் உள்ளே இருப்பவர் மூச்சு முட்டாதா என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கென ஒரு காற்றோட்டப் பொறி உண்டு. சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வெளியேறும் சூடான பழங்காற்று, உள்ளே வரும் குளிர்ந்த புதுக்காற்றுக்குத் தன் வெப்பத்தை ஒப்படைத்துவிட்டுச் செல்கின்றது. இரு காற்றும் கலப்பதில்லை. மெல்லிய தகடுகளின் இருபுறமும் ஓடுகின்றன. வெளியேறும் வெப்பத்தில் குறைந்தது 75 வீதத்தை மீட்கும் பொறியே இவ்வகை வீட்டுக்கு ஏற்றதென்பது விதி.

இத்தகைய வீட்டுக்கு, ஆண்டொன்றுக்குச் சதுர மீற்றருக்கு 15 கிலோவாற்று மணி வெப்பமே சூடேற்றலுக்குச் செல்லலாம் என்று எல்லை வகுத்தனர். எண்ணெயாகச் சொன்னால் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர். காப்பில்லாத பழைய வீடுகளில் இது 20 லீற்றருக்கும் மேற்படுவதுண்டு. உச்சக் குளிரிலும் சதுர மீற்றருக்கு 10 வாற்று வெப்பம் போதுமாதலால், 20 சதுர மீற்றர் அறைக்கு 200 வாற்றே வேண்டும். அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை வெளிவிடுகின்றது. எனவே அந்த அறைக்கு இரண்டு விருந்தினர் வந்து அமர்ந்தாலே பெரும் உதவியாகும்! விருந்தோம்பலைப் போற்றும் நம்மவர்க்கு இது மகிழ்ச்சியான கணக்கு.

இவ்வீட்டின் சிறப்பு எண்ணெய்க் கணக்கோடு முடிவதில்லை. கடுங்குளிர் நாளிலும் அதன் யன்னற் கண்ணாடியின் உட்பரப்பு 17 பாகைக்குக் குறையாதிருக்க வேண்டுமென்பது நியமம். சுவரும் அறைக் காற்றும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் நிற்கின்றன. எந்தச் சுவரோரமும் நாற்காலி போடலாம். எந்த மூலையிலும் அலுமாரி வைக்கலாம். இருபத்தைந்து ஆண்டுகளின் பின் அவ்வீடுகளை மீண்டும் பரிசோதித்தபோது, காப்பும் காற்றிறுக்கமும் பழுதின்றி இருக்கக் கண்டனர்.

சுவரின் விலை யாருக்கு?

இவ்வளவு நல்ல வீடு இருக்கும்போது நாம் தங்கிய குடியிருப்பில் ஏன் பூஞ்சணம் படர்கின்றது? அறிவு இல்லாமையாலன்று, பொறுப்பு யாருடையது என்பது தீராமையாலேதான். வீட்டுக்காரர் பணம் செலவிட்டுச் சுவரைப் போர்த்தினால் மிச்சப்படுவது குடியிருப்பவரின் எண்ணெய்ச் செலவு. தமக்குப் பலனில்லாத செலவை அவர் ஏன் செய்வார்?

சட்டம் இம்முடிச்சைப் பல பக்கத்திலிருந்தும் அவிழ்க்க முயன்றது. 2008ஆம் ஆண்டு தொடக்கம் வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் அதன் எரிசக்திச் சான்றிதழைக் காட்ட வேண்டுமென்று விதித்தனர். 2014ஆம் ஆண்டில் அச்சான்றிதழில் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை போல எழுத்துத் தரம் இடப்பட்டது. மிகச் சிறந்தது ஒரு முனை. மிகத் தாழ்ந்தது மறுமுனை. குளிர் வாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதிருக்க அது ஒருவாறு உதவுகின்றது.

2021ஆம் ஆண்டில் எரிபொருளுக்குக் கரியமிலவாயு வரி வந்தபோது அதன் முழுப் பாரமும் குடியிருப்பவர்மேல் விழுந்தது. மறு ஆண்டு உக்ரேன் போர் மூண்டு ரஷ்ய எரிவாயு நின்றபோது விலை தாங்க முடியாததாயிற்று. பொது அலுவலகங்களை 19 பாகைக்கு மேல் சூடேற்ற வேண்டாமென்று அரசே கட்டளையிட்ட குளிர்காலம் அது. அதன்பின், 2023ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி ஒரு புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வரியை வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் பத்துப் படிகளாகப் பங்கிட வேண்டும். நல்ல வீடாயின் வரி முழுவதும் குடியிருப்பவருக்கு. வீடு தாழ்ந்த தரமாக ஆக வீட்டுக்காரரின் பங்கு ஏறிச்செல்லும். கடைசிப் படியில் 95 வீதம் வீட்டுக்காரருடையது. கட்டடத்தின் குறைக்கு அதன் உடைமையாளரே பொறுப்பென்று சட்டம் எண்ணால் எழுதிவைத்தது இங்கேதான்.

ஆயினும் நியமம் ஏழைக்கு எப்பொழுதும் துணை நிற்கும் என்று எண்ணிவிடலாகாது. வீட்டைப் புதுப்பித்த செலவில் ஒரு பங்கை ஆண்டு வாடகையில் ஏற்ற வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அப்பங்கு முன்னர் 11 வீதமாக இருந்தது. 2019ஆம் ஆண்டில் 8 வீதமாகக் குறைக்கப்பட்டு, ஏற்றத்துக்கு உச்சவரம்பும் இடப்பட்டது. எண்ணெயில் மிச்சம் பிடித்த தொகையை விட ஏறிய வாடகை பெரிதாகி, பழங்குடியினர் வெளியேற நேர்ந்த வீடுகளும் உண்டு. சூடான சுவர் கிடைத்தது. ஆனால் அதனருகே இருக்க அவருக்கு இயலவில்லை.

இதற்கு மாற்று வழியையும் அண்டை நகரான பிராங்பேர்ட் காட்டியிருக்கின்றது. அங்கே ரேவெஸ் வீதியில் 1950களில் எழுந்த எளிய வாடகைக் குடியிருப்புகளை, நகரத்துக்குரிய வீடமைப்பு நிறுவனம் 2000களில் பாசிவ்ஹவுஸ் கூறுகளைக் கொண்டு புதுப்பித்தது. 2007ஆம் ஆண்டில் நகரசபை தன் புதுக் கட்டடங்களுக்கு அத்தரத்தையே விதியாக்கிற்று. பொதுப்பணத்தால் இயங்கும் உடைமையாளர் முன்சென்றால் மற்றையோர்க்குச் சாக்குச் சொல்ல இடமில்லாமற் போகும்.

நம் கூரைகள்

இவற்றை வாசிப்பவர், குளிர்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். நுரைப் பலகையையும் மூன்று கண்ணாடியையும் நாம் அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை. அறிவியலும் அதனை ஒப்புகின்றது. 160 கட்டடங்களில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 21,000 அவதானிப்புகளை டி டியர், பிரேகர் என்னும் ஆய்வாளர் இருவர் ஒன்றுசேர்த்து 1998ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். யன்னல் திறந்து காற்று வாங்கும் கட்டடங்களில் வாழ்வோர், வெளிக் காலநிலைக்கேற்பக் கூடிய வெப்பத்தையும் சுகமாகவே உணர்கின்றனர் என்று கண்டனர். 2004ஆம் ஆண்டில் அமெரிக்க நியமமும் அதனை ஏற்றுக்கொண்டது. ஆகவே வெப்பநாட்டு வீட்டுக்கு வேண்டியது அடைத்த பெட்டியன்று. நிழலும், எதிரெதிர் யன்னலும், நல்ல கூரையுமே.

கூரையே நம் நாட்டின் குளிர்ந்த சுவர் எனலாம். உச்சி வெயிலில் தகரம் கொதித்து, தன் வெப்பத்தைக் கதிர்வீசலால் கீழே இருப்போர் தலைமேல் இறக்குகின்றது. பனையோலை வேய்ந்த கூரையின் கீழ் வளர்ந்தவர்க்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஓலை அடுக்குகளின் இடையே சிறைப்பட்ட காற்றே அங்கு வெப்பக் காவலி. இந்தியாவில் 2018ஆம் ஆண்டு வெளியான ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்பு விதி, கூரை கடத்தும் வெப்பத்துக்கு எல்லை வகுத்துள்ளது. இலங்கையில் 2008ஆம் ஆண்டில் வலுத்திறன் மிக்க கட்டடங்களுக்கான விதிக்கோவை ஒன்று வெளியாயிற்று. ஆனால் அது பெருங் கட்டடங்களை நோக்கியது. தனித்த சிறு வீடு அதன் எல்லைக்கு அப்பாலே நின்றது.

நம் மலையகத்து லயன் அறைகளை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தை நடத்தியவர் கட்டினார், தொழிலாளி குடியிருந்தார். தகரக் கூரை பகலிற் கொதித்தது. தை மாத இரவில் குளிர்ந்து நீர் சொட்டிற்று. தலைமுறை தலைமுறையாக அதனைத் தாங்கிய உடல்கள், அந்தக் கூரையின் தடிப்பைத் தீர்மானித்தவருடையவையல்ல. டார்ம்ஸ்ராட்டின் மாடி வீட்டிலும் நுவரெலியாவின் லயனிலும் ஒரே கேள்விதான் நிற்கின்றது: கட்டுபவர் மிச்சம் பிடிப்பதை வாழ்பவர் ஏன் செலுத்த வேண்டும்? வீட்டின் சுகத்துக்கு நியமம் வேண்டுமென்பது ஆடம்பரத்துக்காகவன்று. கட்டும் நேரத்தில் அங்கே நின்று பேச முடியாத ஒருவருக்காகச் சட்டம் பேச வேண்டும் என்பதற்காகவே.

சட்டம் வரும் வரை நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வீடு பார்க்கப் போகும் நம்மவர் வாசல் எத்திசை, கிணற்றுநீர் எப்படி, வாடகை எவ்வளவு என்று கேட்கின்றனர்; நல்ல நேரம் பார்த்துக் காலையிலேயே போய் வந்துவிடுகின்றனர். இனிமேற் பங்குனி, சித்திரையில் பிற்பகல் இரண்டு மணிக்குப் போங்கள். கூரையின் கீழே கால் மணி நேரம் பேசாமல் நில்லுங்கள். வீட்டுக்காரர் சொல்லாத வாடகையை அந்தக் கூரை சொல்லும்.